பொய்யின் உடைமையாளர்கள்

நமது கற்றோர் மத்தியில் அண்மைக்காலமாக இரு அபிப்பிராயங்கள் வலுப்பெற்று வருகின்றன. கைத்தொலைபேசியும் இணையமும் வந்தபின் அரசியல் விவாதம் சீரழிந்தது. முன்னர் மனிதர் மரியாதையோடு தர்க்கித்தனர். இன்று எவனும் எதையும் எழுதுகிறான். ஆதலின் இதனை அடக்கக் கடுமையான சட்டம் வேண்டும் என்பது ஒன்று. கத்தி காய் நறுக்கவும் உதவும், கழுத்தை அறுக்கவும் உதவும். கருவியைக் குறைகூறிப் பயனில்லை. கையாளுவோர் மனம் திருந்தினாற் போதும் என்பது மற்றையது. முன்னது பெரும்பாலும் ஓய்வுபெறும் வயதை அண்மிய அதிபர்களிடமிருந்தும், பின்னது விஞ்ஞான ஆசிரியர்களிடமிருந்தும் வருவதை நாம் அவதானித்திருக்கிறோம். ஒன்றையொன்று மறுப்பனபோலத் தோன்றும் இவ்விரு கூற்றுக்களும் உண்மையில் ஒரே காரியத்தைச் செய்கின்றன. பொய்யினால் ஆதாயமடைவோர் யார் என்ற வினாவை எழவிடாமற் செய்வதே அக்காரியம்.

பொற்காலப் பேச்சை முதலில் எடுத்துக்கொள்வோம். 1958 மே மாதத்தில் இந்நாட்டில் இணையம் இருக்கவில்லை. ஆயினும் ஒரு கதை சில நாட்களுள் தென்னிலங்கையிற் பரவிற்று. பாணந்துறையைச் சேர்ந்த ஆசிரியை ஒருவர் மட்டக்களப்புப் பகுதியிலே கற்பித்துவந்தாராம். தமிழர் அவரைப் பிடித்து மார்பை அறுத்துக் கொன்றனராம். விசாரித்தபோது, பாணந்துறையிலிருந்து சென்று அங்கே கற்பித்த ஆசிரியை எவருமே இல்லை என்பது தெரியவந்தது. அதற்கிடையில் பாணந்துறைக் கோயிலின் அர்ச்சகர் உயிரோடு கொளுத்தப்பட்டுவிட்டார். டார்ஸி வித்தாச்சி அக்கலவரத்தைப் பற்றி எழுதி அவ்வாண்டிலேயே லண்டனில் வெளிவந்த நூலில் இச்செய்தியை இன்றும் வாசிக்கலாம். இல்லாத ஆசிரியையின் பெயராற் கொல்லப்பட்ட அந்த மனிதரை நினைக்குந்தோறும், ஆசிரியத் தொழில் செய்யும் நமக்கு உடல் கூசுகிறது.

அக்காலத்து நவீன சாதனமாகிய வானொலி என்ன செய்தது? மே 26ஆந் திகதி பிரதமர் பண்டாரநாயக்க நாட்டு மக்களுக்கு உரையாற்றினார். கிழக்கிலே செனிவிரத்ன என்பவர் கொலையுண்டதை எடுத்துக்கூறி, அதனாலேயே கலவரம் மூண்டது போன்ற எண்ணம் கேட்போர்க்கு உண்டாகும்படி பேசினார். பொலன்னறுவைப் புகைவண்டி நிலையத்திற் பயணிகள் தாக்கப்பட்டது அக்கொலைக்கு முந்திய நிகழ்ச்சி. இந்தச் சிறிய முன்பின் மாற்றம் எத்தனை வீடுகளை எரித்தது என்று கணக்கிட எவராலும் முடியாது. நாட்டின் அதியுயர் பதவியில் இருந்தவரின் வாயிலிருந்து, அரசாங்கத்தின் சொந்த வானொலியினூடாக வந்தது அது என்பதை மட்டும் இப்போதைக்கு மனதில் இருத்திக்கொள்வோம்.

விவாத மரியாதை பற்றிய கதையும் இத்தகையதே. 19ஆம் நூற்றாண்டின் அருட்பா மருட்பாப் பூசலில் எழுந்த கண்டனப் பத்திரங்களைப் புரட்டிப் பார்ப்போர், நமது பெரியோர் எத்துணை இனிமையாக ஒருவரையொருவர் அழைத்துக்கொண்டனர் என்பதைக் காண்பர். அவற்றுட் சில, எழுதியவர் ஒருவரும் பெயர் கொடுத்தவர் மற்றொருவருமாக வெளிவந்தன என்பதும் இலக்கிய வரலாறு படித்தோர் அறிந்ததே. முற்போக்கு எழுத்தை இழிசனர் எழுத்து என்று பண்டிதர்கள் பழித்தது 1960களில். 1963இல் யாழ்ப்பாணத்துச் சாகித்திய விழாவிற் கூழ்முட்டை பறந்தது. முட்டையை எறிந்தோர் எவ்வணியினர் என்பதை இவ்வேட்டின் வாசகர்க்கு நாம் எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை. ஆக, பழைய தலைமுறையினர் நம்மினும் பண்புடையோர் என்ற வாதம் நிற்காது. பொய் பழையது, வசையும் பழையது. புதியது யாது என்பதே ஆராயத்தக்கது.

இங்கேதான் கத்தி உவமை காரர் குறுக்கிடுகின்றனர். கருவி நடுநிலையானது என்கின்றனர். சமையலறைக் கத்தி எதை வெட்டுவது என்று தானே தெரிந்தெடுப்பதில்லை. கழுத்து அறுபட்டால் அதை விற்ற கடைக்காரனுக்கு மேலதிகமாக ஒரு சதமும் கிடைப்பதில்லை. முகநூல் அத்தகையதன்று. கோடிக்கணக்கான மனிதர் எழுதுவனவற்றுள் எதை ஒருவன் கண்முன் வைப்பது, எதைக் கீழே அமுக்குவது என்பதைக் கணனி விதிமுறை ஒன்று தீர்மானிக்கிறது. மனிதன் திரையின் முன்னே எவ்வளவு நேரம் இருக்கிறான் என்பதே அவ்விதிமுறையின் அக்கறை. இருக்கும் நேரம் விளம்பரமாகிறது, விளம்பரம் பணமாகிறது. முகநூலையும் வட்ஸ்அப்பையும் உடைய மெட்டா கம்பனி 2024இல் ஈட்டிய வருமானம் 16,000 கோடி அமெரிக்க டொலருக்கு மேல். ஏறக்குறைய அனைத்தும் விளம்பரத்தால் வந்தது. இரண்டு கோடிக்கு மேற்பட்ட இலங்கை மக்கள் உழுதும், தைத்தும், கொழுந்து பறித்தும் ஓராண்டில் உண்டாக்கும் மொத்த உற்பத்தியின் பெறுமதியிலும் இது பெரிது.

அவ்விதிமுறையின் ஒரு சிறு பகுதி 2021இல் வெளிச்சத்துக்கு வந்தது. கம்பனியினுள்ளே பணியாற்றிய பிரான்சிஸ் ஹோகன் என்ற பெண்மணி உள்ளாவணங்களை வெளிக்கொணர்ந்தபோது உலகம் அறிந்துகொண்ட செய்திகளுள் இதுவும் ஒன்று: 2017 முதல், ஒரு பதிவுக்கு மனிதர் இடும் கோபக்குறி சாதாரண விருப்பக்குறியைப்போல ஐந்து மடங்கு மதிப்புடையதாக எண்ணப்பட்டது. கோபத்தை மட்டுமல்ல, சிரிப்பு, சோகம் முதலிய ஏனைய குறிகளையும் அவ்வாறே எண்ணினர் என்பது மெய். ஆயின் கோபம் மூட்டுவது எளிது. சிந்திக்கச் செய்வது அரிது. ஐந்து மடங்கு கூலி கொடுத்தால் எந்தத் தொழிலாளி அதிகம் வந்து சேர்வான் என்பதைப் பொருளியல் படிக்கும் மாணவன் சொல்லிவிடுவான். அம்மதிப்பு பின்னர் படிப்படியாகக் குறைக்கப்பட்டு 2020இல் நீக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளிலே இந்நாட்டில் நடந்தவை என்ன?

2018 பெப்ரவரி 26ஆந் திகதி இரவு, அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் உணவுக்கடையிற் கொத்துரொட்டி உண்ட ஒருவர் அதில் ஏதோ கட்டியைக் கண்டார். மலட்டு மருந்து கலந்தாயா என்று சிங்களத்திற் கேட்டனர். கடையிலிருந்தவர் தமிழ் பேசுபவர், சிங்களம் அரைகுறை. மாவுக்கட்டியைப் பற்றிக் கேட்கின்றனர் என எண்ணி, தட்டுத்தடுமாறி ஆமென்பது போன்ற விடை பகர்ந்தார். அது படம்பிடிக்கப்பட்டது. கடை உடைந்தது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது, படமோ நாடெங்கும் சென்றது. அம்பாறையில் முஸ்லிம் மருந்துக்கடைக்காரர் ஒருவரிடம் 23,000 மலட்டு மாத்திரைகள் பிடிபட்டன என்ற மற்றொரு பொய் அதனோடு சேர்ந்துகொண்டது. உண்டவரை நிரந்தர மலடாக்கும் மாத்திரை மருத்துவ உலகில் இல்லவே இல்லை. அதனை ஆராய எவருக்கும் பொழுதில்லை. மார்ச் முதல் வாரத்தில், தெல்தெனியாவில் நடந்த தாக்குதலிற் காயமுற்ற சிங்களச் சாரதி ஒருவர் இறந்ததும், திகனவிலும் சுற்றுப்புறங்களிலும் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. தீயிடப்பட்ட வீட்டினுள் அகப்பட்டு முஸ்லிம் இளைஞர் ஒருவர் மாண்டார்.

அந்நாட்களிலே, முஸ்லிம்களைக் குழந்தைகளையும் விடாது கொல்லுங்கள் என்ற பொருளிற் சிங்களத்தில் எழுதப்பட்ட பதிவொன்றைச் சிலர் முகநூல் நிறுவனத்திடம் முறையிட்டனர். தமது விதிகளை அப்பதிவு மீறவில்லை என்ற பதில் பின்னர் வந்தது. சிங்களம் வாசிக்கத் தெரிந்த பணியாளர் அந்நிறுவனத்திடம் போதியளவு இல்லை. விளம்பரம் விற்பதற்கு மொழி அறிவு தேவைப்படவில்லை. கொலை மிரட்டலை அறிவதற்குத்தான் தேவைப்பட்டது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2020 மே மாதத்தில், தாமே நியமித்த ஆய்வாளரின் அறிக்கையை வெளியிட்டு அந்நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. எரிந்த கடைகளின் கணக்கில் அம்மன்னிப்பை எப்பக்கத்திற் பதிவது என்று திகன வியாபாரிகளைக் கேட்டால் தெரியும். இப்போதோ அந்தப் பாசாங்கும் தளர்கிறது. 2025 ஜனவரியில், அமெரிக்காவில் வெளியாரைக்கொண்டு செய்திகளைச் சரிபார்க்கும் ஏற்பாட்டைக் கைவிடுவதாக அக்கம்பனி அறிவித்தது. சொந்த நாட்டுக்கே இதுவென்றால், அம்பாறைக்கு என்ன கிடைக்கும்?

எனவே, இது மனம் திருந்தாமையால் மட்டும் விளைந்த கேடன்று. பொய் ஒரு சரக்கு. அதற்கு ஒரு சந்தை உண்டு. சந்தைக்கு உடைமையாளர் உளர். ‘தொழில்நுட்பம்’ என்று பொதுப்பெயர் சூட்டி வானத்திலிருந்து விழுந்த ஆலங்கட்டி மழைபோல அதனை வருணிப்பது, உடைமையாளரைத் திரைக்குப் பின்னே ஒளித்துவைப்பதற்கே உதவும்.

நிற்க. கம்பனி குற்றவாளி என்றதும், அரசு தலையிட வேண்டும் என்று கைதட்டுவோர் நம்மிடையே பலர். முற்போக்காளர் எனத் தம்மைக் கூறிக்கொள்வோரும் இதில் அடக்கம். இந்நாட்டு அரசு எவ்வாறு தலையிட்டது என்பதை அவர்கள் ஒருமுறை நிதானமாக நோக்குதல் நன்று.

2018 மார்ச் 7ஆந் திகதி முகநூல், வட்ஸ்அப், வைபர் ஆகியவற்றை அரசாங்கம் முடக்கிற்று. 2019 ஏப்ரல் 21ஆந் திகதி உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புக்களின் பின்னரும் அவ்வாறே முடக்கிற்று. முடக்கம் நீங்கிய இரு வாரங்களுள், மே 12ஆந் திகதி, சிலாபத்தில் முஸ்லிம் வியாபாரி ஒருவர் ஆங்கிலத்தில் எழுதிய ஒரு வரி, தாக்குதலுக்கான எச்சரிக்கை எனத் தவறாக விளங்கிக்கொள்ளப்பட்டது. அதிகம் சிரிக்காதே, ஒருநாள் அழுவாய் என்பதே அவ்வரியின் கருத்து. நமது அம்மாமார் பிள்ளைகளுக்கு நாள்தோறும் சொல்லும் புத்திமதிதான்! அடுத்த நாள் குருநாகல், புத்தளம், கம்பஹா மாவட்டங்களில் முஸ்லிம்களின் உடைமைகள் தாக்கப்பட்டன. அதே மாதம் குருநாகலில் முஸ்லிம் வைத்தியர் ஒருவர் 4,000 சிங்களத் தாய்மாரை மலடாக்கினார் என்ற கதை கிளம்பிற்று. அது முதலில் உருப்பெற்றது முகநூலிலன்று. சிங்கள நாளேடொன்றின் முதற்பக்கத்தில். ஆசிரியபீடமும், ஒப்புநோக்குநரும், அச்சிட்டோர் முகவரியும் உள்ள கனம்பொருந்திய பத்திரிகையில். வைத்தியர் சிறை சென்றார். குற்றப் புலனாய்வுத் திணைக்களத்துக்கு அதற்குரிய சான்று எதுவும் கிட்டவில்லை. முகநூலை முடக்கிய அரசாங்கம் அந்த அச்சகத்துக்குப் பூட்டுப் போடவில்லை. போடவேண்டும் என்று நாம் கூறவுமில்லை. பொய்யென்ற காரணத்துக்காகவே பூட்டுப் போடுகிறோம் என்ற வாதத்தின் போலித்தனத்தைச் சுட்டுகிறோம்.

2022 ஏப்ரல் 3ஆந் திகதி நடந்ததோ இன்னும் தெளிவு. எரிவாயுவும் எரிபொருளும் மின்சாரமும் இன்றி வாடிய மக்கள், சனாதிபதி பதவி விலக வேண்டுமென்று ஆர்ப்பாட்டஞ் செய்யத் திரண்டனர். அவசரகால நிலை, ஊரடங்கு ஆகியவற்றோடு சமூக ஊடகங்களும் முடக்கப்பட்டன. அன்று முடக்கப்பட்டது பொய்யன்று. பட்டினி பற்றிய உண்மை. எதிர்ப்பு மிகுதியினால் ஒரு நாள் முடியுமுன்னரே தடையை நீக்கவேண்டி நேர்ந்தது. எந்தச் சாதனம் திகனவுக்குத் தீவைக்க உதவிற்றோ அதே சாதனம் காலிமுகத்திடலுக்கு மக்களை அழைத்தும் வந்தது. அரசு இரண்டனுள் எதற்கு அதிகம் அஞ்சியது என்பதை வாசகர் தாமே முடிவு செய்யலாம்.

பொய்யென்று தீர்ப்பளிக்கும் உரிமையை யாரிடம் ஒப்படைப்பது? இதுவே பிரச்சினையின் உயிர்நிலை. 2020 ஏப்ரலில், கொரோனா நோயால் இறந்தோரின் உடல்களைக் கட்டாயம் எரிக்க வேண்டுமென வர்த்தமானி அறிவித்தல் வெளிவந்தது. புதைத்தால் நிலத்தடி நீர் கெடும் என்றனர். புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தது. முஸ்லிம் மக்கள் மன்றாடினர், கிறிஸ்தவரும் மன்றாடினர். 2020 டிசம்பரில் 20 நாட் பச்சிளங்குழந்தை ஒன்று பெற்றோரின் சம்மதமின்றிப் பொரளையில் எரிக்கப்பட்டது. 2021 பெப்ரவரி முடியும்வரை அக்கட்டளை நீடித்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. அந்தக் காலகட்டத்தின் மிகப் பெரும் பொய், முகநூலில் யாரோ ஒரு பொறுப்பற்ற இளைஞன் எழுதியதன்று. அரசாங்க அச்சகத்தில், மும்மொழியிலும், சட்டமாக அச்சிடப்பட்டது. நிலத்தடி நீர் கெடாது என்று அன்று கூறியவனே ‘பொய்யன்’.

இந்த அரசுதான் 2024 ஜனவரி 24ஆந் திகதி நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை 108க்கு 62 என்ற வாக்குகளால் நிறைவேற்றிற்று. உயர் நீதிமன்றம் வேண்டிய திருத்தங்கள் யாவும் சேர்க்கப்படவில்லை என்ற குற்றச்சாட்டுக்கிடையே சபாநாயகர் கைச்சாத்திட்டார். 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமாகிய இதன்படி, சனாதிபதி அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரத்தோடு நியமிக்கும் ஐவர் கொண்ட ஆணைக்குழு ஒன்று கூற்றுக்களை ஆராயும். தேசிய பாதுகாப்புக்கோ, பொதுச் சுகாதாரத்துக்கோ, பொது ஒழுங்குக்கோ அச்சுறுத்தலான பொய்க்கூற்றை வெளியிட்டவர் ஐந்தாண்டுவரை சிறைப்படலாம். பொதுச் சுகாதாரம் என்ற சொல்லைக் கவனிக்கவும். 2020இல் இச்சட்டம் இருந்திருக்குமாயின், சிறைக்குச் சென்றிருக்க வேண்டியோர் வர்த்தமானி எழுதியவர்களா, அதை மறுத்த வைத்தியர்களா?

சட்டமில்லாத குறையாற் கேடு நிகழ்ந்தது என்ற கூற்றும் பிழை. குரோதத்தைத் தூண்டுவதைத் தண்டிக்கும் ஏற்பாடு 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டத்தில், சர்வதேச சமவாயத்தின் பெயராலேயே இருக்கிறது. 2019 ஏப்ரலில் அதனைக்கொண்டு கைதுசெய்யப்பட்டவர் சிங்களச் சிறுகதை ஆசிரியர் ஷக்திக சத்குமார. முகநூலிற் சிறுகதை எழுதினார். பிக்குமார் சிலர் முறையிட்டனர். நான்கு மாதங்கள் சிறையிலிருந்தார். அவர் உள்ளே இருந்த மே மாதத்தில், நீதிமன்றத்தை அவமதித்த குற்றத்துக்காகச் சிறையிலிருந்த ஞானசார தேரர் சனாதிபதியின் மன்னிப்புப் பெற்று வெளியே வந்தார். 2021இல் ‘ஒரே நாடு ஒரே சட்டம்’ பற்றி ஆராயும் செயலணிக்குத் தலைவராகவும் ஆனார். 2020 ஏப்ரலில், முஸ்லிம்களுக்கெதிரான வெறுப்பைப் பேனாவாலும் கணனியாலும் எதிர்த்துப் போராடும்படி எழுதிய ஓய்வுபெற்ற அரச உத்தியோகத்தர் ஒருவர் சிறையிடப்பட்டார். அவரது அடிப்படை உரிமைகள் மீறப்பட்டன என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2023 நவம்பரில்.

தமிழாசிரியர்களுக்கு இன்னும் அண்மையான உதாரணம் உண்டு. மன்னார் மாவட்டத்தைச் சேர்ந்த அஹ்னாப் ஜஸீம் தமிழ் கற்பித்த இளைஞர், கவிஞர். 2017இல் ‘நவரசம்’ என்ற கவிதைத் தொகுதியை வெளியிட்டார். 2020 மே மாதத்தில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ்க் கைதானார். அக்கவிதைகள் தீவிரவாதத்தைப் போதிக்கின்றன என்பது குற்றச்சாட்டு. தமிழ் வாசிக்கத் தெரிந்தோர் அவற்றில் வன்முறைக்கெதிரான குரலையே கண்டனர். ஒன்றரை ஆண்டுக்கு மேல் உள்ளே இருந்து 2021 டிசம்பரிற் பிணையில் வந்தார். 2023 டிசம்பரிற் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. முகநூல் நிறுவனத்துக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியவில்லை. பொலிஸாருக்குத் தமிழ்க் கவிதை வாசிக்கத் தெரியவில்லை. ஒன்று கொலை மிரட்டலைக் குற்றமற்றது என்றது. மற்றது குற்றமற்றதைக் கொலை மிரட்டல் என்றது. இவ்விருவரிடமும் நமது சொற்களை ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக உறங்கலாம் என்கின்றனர் சட்டம் வேண்டுவோர்!

தனியார் உடைமை கேடு விளைக்குமாயின் பொதுவுடைமையாக்குவோம் என்று சொல்லத் தோன்றும். இடதுசாரி வாசகர்க்கு 1973 நினைவிருக்கவேண்டும். அவ்வாண்டிலே லேக் ஹவுஸ் பத்திரிகை நிறுவனத்தின் நூற்றுக்கு 75 வீதப் பங்குகள் சட்டத்தினாற் கையேற்கப்பட்டன. கையேற்ற ஐக்கிய முன்னணி ஆட்சியிற் சமசமாசக் கட்சியினரும் கம்யூனிஸ்டுக் கட்சியினரும் அங்கம் வகித்தனர். ஒரு குடும்பத்தின் ஏகபோகம் உடையும். பங்குகள் பொதுமக்களுக்குப் பரவலாக வழங்கப்படும் என்றனர். அக்குடும்பப் பத்திரிகைகள் தொழிலாளர் இயக்கத்துக்கு இழைத்த தீங்கை அறிந்தோர் அன்று மகிழ்ந்ததிற் பிழை கூறமுடியாது. ஆயின் பங்குகள் மக்களைச் சென்றடையவில்லை. 1974 ஏப்ரலில் தவச நிறுவனத்தின் அச்சகத்துக்கு அதே ஆட்சி முத்திரை வைத்தது. 1977இல் ஆட்சி மாறியதும், இடதுசாரிகளே கையளித்த அந்த ஒலிபெருக்கி அவர்களுக்கெதிராகவே முழங்கிற்று. அதன்பின் வந்த ஒவ்வோர் அரசாங்கமும் அதனை உபயோகித்தது. அரசுடைமை வேறு, மக்களுடைமை வேறு என்பதற்கு இதனிலும் தெளிவான பாடம் இந்நாட்டு வரலாற்றில் இல்லை. அப்பாடத்தை மறந்து, இன்று மற்றொரு முற்போக்கு முகத்தோடு அதே பூட்டையும் சாவியையும் கேட்போரை நாம் ஐயத்தோடுதான் நோக்கவேண்டியிருக்கிறது. நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தைத் திருத்துவோம் என்பதைவிட நீக்குவோம் என்பதே நேர்மையான கோரிக்கை.

கம்பனியும் கூடாது, அரசும் கூடாது என்றால் பொறுப்பு யாருடையது? இங்கே நமது சமூகத்தின் பக்கம் திரும்பாமல் இருக்கவியலாது. சிங்களப் பேரினவாதத்தின் பொய்களைக் கணக்கெடுப்பதில் நாம் வல்லுநர். 2019இல் முஸ்லிம் கடைகளிற் பொருள் வாங்காதீர் என்ற செய்திகள் தமிழ்ப் பகுதிகளிலும் கைமாறின. கைமாற்றியோருள் ஆசிரியர்களும் இருந்தனர். 1990 ஒக்டோபரில், யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்கள் சில மணி நேரத்துள் ஊரைவிட்டு வெளியேறும்படி விடுதலைப்புலிகளால் ஒலிபெருக்கி மூலம் கட்டளையிடப்பட்டனர். அயலிலிருந்த தமிழ்ச் சமூகம் அதைக் காதாற் கேட்டது. துப்பாக்கிக்கு அஞ்சி அன்று வாய்மூடினர் என்பதை நாம் விளங்கிக்கொள்கிறோம். துப்பாக்கி ஓய்ந்து பல ஆண்டுகளாகியும் அதைப்பற்றிப் பேசுவோரைத் துரோகி என்று எழுதும் விரல்களுக்கு என்ன அச்சம்? சாதிப்பெயர் சொல்லி ஏசுவதையும், மலையக மக்களை இழிவாகப் பேசுவதையும் தமிழ் முகநூல் உலகம் எவ்வளவு எளிதாகச் செய்கிறது என்பதை எடுத்துக்காட்டத் தேவையில்லை.

வட்ஸ்அப் குழுக்களைப் பற்றி ஒரு சொல். அங்கே மேலே சொன்ன கணனி விதிமுறை இல்லை. எதை முன்னே காட்டுவது என்று எந்தக் கம்பனியும் அங்கே தெரிவு செய்வதில்லை. பழைய மாணவர் குழுவிலும், ஆசிரியர் குழுவிலும், கோயிற் பரிபாலன சபைக் குழுவிலும் ஒரு பொய் செல்கிறது என்றால், முன்னனுப்பிய விரல் நமக்குத் தெரிந்த ஒருவருடையது. ‘வந்ததை அனுப்பினேன்’ என்பது அவர் விடை. வகுப்பில் ஒரு மாணவன் நண்பனின் விடைத்தாளைப் பார்த்து எழுதிவிட்டு ‘கண்டதை எழுதினேன்’ என்றால் அந்த ஆசிரியர் ஏற்றுக்கொள்வாரா?

உண்மைப்பெயர் இல்லாமல் எவரும் எழுதக்கூடாது என்ற கோரிக்கை இதற்குப் பரிகாரமாகாது. பயங்கரவாதத் தடைச் சட்டம் உள்ள நாட்டில், காணாமலாக்கப்பட்ட மகனைப் பற்றி எழுதும் தாய்க்கும், அதிபரின் ஊழலை வெளிப்படுத்தும் உதவி ஆசிரியைக்கும் புனைபெயர் ஒரு கவசம். ஈழத்து முற்போக்கு எழுத்தாளரிற் பாதிப்பேர் புனைபெயரிலே எழுதினர். பெயரைக் கேட்பது பொலிஸின் வேலை. சான்றைக் கேட்பது வாசகனின் வேலை. புனைபெயரில் எழுதியவரேனும், எங்கே கண்டாய், யார் சொன்னது, எந்நாள் நடந்தது என்று கேட்டால் விடையளிக்கவும், தவறெனக் கண்டால் அதே இடத்தில், அதே குழுவில் மறுத்தெழுதவும் கடமைப்பட்டவர். குழுவிற் பொய் வந்தபோது தனியே நண்பருக்கு ‘இது பொய்தானே’ என்று எழுதிவிட்டு, பொதுவில் மௌனம் காக்கும் கண்ணியவான்களால் எவ்வித நன்மையும் இல்லை. விவாதம் என்பது பார்வையாளர் முன்னிலையில் நடப்பது. மறுப்பும் அவர்கள் முன்னிலையில்தான் நடக்க வேண்டும்.

தனி மனிதரின் கண்ணியம் மட்டும் கம்பனியின் சந்தையை எதிர்த்து நிற்காது என்பதும் மெய்யே. ஆசிரியர் சங்கங்கள் சம்பளத்துக்காக வீதியில் இறங்க அறிந்தவை; 2021இல் மாதக்கணக்காக இணையவழிக் கற்பித்தலைப் பகிஷ்கரித்து அரசாங்கத்தை அசைத்தவை. அதே சங்கங்கள் இக்கம்பனியை நோக்கிச் சில கேள்விகளைக் கூட்டாகக் கேட்கலாம். சிங்களத்திலும் தமிழிலும் முறைப்பாடுகளை வாசிக்க எத்தனை பேரை அமர்த்தியிருக்கிறது? கலவர நாட்களில் எந்தப் பதிவு எத்தனை பேருக்கு எதனாற் காட்டப்பட்டது என்ற பதிவேட்டை ஆய்வாளருக்குத் திறந்துவிடுமா? நமது மாணவரின் கண்களை விற்றுப் பெறும் பணத்துக்குக் கணக்குக் கேட்பது அந்நிய முதலீட்டை விரட்டுவதாகாது.

இதற்குமேல் ஒரு காரியம் இருக்கிறது. அது கம்பனியிடமும் கேட்க முடியாதது, சட்டத்தாலும் ஆகாதது. அம்பாறைக் கடையிற் கேட்டவருக்குத் தமிழ் தெரியாது. விடையளித்தவருக்குச் சிங்களம் தெரியாது. இது தற்செயலா? 1956ஆம் ஆண்டின் தனிச்சிங்களச் சட்டமும், பிள்ளைகளை மொழிவாரியாகப் பிரித்து வெவ்வேறு கட்டடங்களில் அடைத்த கல்வி முறையும் பல தசாப்தங்களாக வளர்த்த பயிர் அது. சிங்களத்திற் பரவும் பொய்யைத் தமிழாசிரியன் அறியான். தமிழில் எழும் மறுப்பைச் சிங்கள ஆசிரியன் வாசியான். நமது முற்போக்குக் கட்டுரைகள் யாவும், இக்கட்டுரை உட்பட, ஏற்கெனவே இணங்கியோரையே சென்றடைகின்றன. கண்டியிலோ, அம்பாறையிலோ, வவுனியாவிலோ ஒரு சங்கக் கிளையைச் சேர்ந்த ஐந்து சிங்கள ஆசிரியரும் ஐந்து தமிழ், முஸ்லிம் ஆசிரியரும் மாதம் ஒருமுறை கூடி, அம்மாதம் தத்தம் மொழியில் உலவிய பொய்களை ஆராய்ந்து, இரு மொழியிலும் நான்கு பக்கத் தாளொன்று வெளியிடுவது பெருஞ்செலவான காரியமன்று. றோனியோக் கல்லூரி மலர்கள் போட்டுப் பழகிய தொழில்தான். இன்று அதற்கு றோனியோவும் வேண்டாம், கைத்தொலைபேசியே போதும். அத்தாளை அதே வட்ஸ்அப் குழுக்களில், பொய் சென்ற வழியே அனுப்பவேண்டும்.

முதல் இதழுக்குரிய செய்தி ஆயத்தமாகவே இருக்கிறது. 2018 மார்ச்சில் அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் அம்பாறைக் கொத்துரொட்டியைச் சோதித்து, அதிலிருந்தது மாவுக்கட்டியேயன்றி மருந்தெதுவும் இல்லை என்று அறிக்கை கொடுத்தார்.